நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின்

எலியேசர் திரும்பி வந்த பிறகு சில நாட்கள் எதையும் கேட்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டான். வேப்பமரத்து நிழலில் கட்டிலை இழுத்துப் போட்டுப் படுத்துக் கிடந்தான். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் "ஆமா", "இல்ல" என்பதோடு சரி. பிறகு ஒரு காலையில் ஆட்டுக் கொட்டகைக்குள் குனிந்து பார்த்துவிட்டு வந்து, கம்பு குத்திக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் நின்றான்.

"அன்னம், எம் மோட்டார் சைக்கிள எங்க?"

அன்னத்தாய் உலக்கையை நிறுத்தவில்லை. இன்னும் சில குத்துக் குத்தினாள். பிறகு உரலுக்குள் கைவிட்டுக் கம்பைக் கிளறியபடி, "அத்தான் பாத்துக்கிட்டாவ" என்றாள்.

"பாத்துக்கிட்டான்னா?"

"அவியளக் கேளுங்க."

அவன் தன் அண்ணன் சின்னத்துரையின் வீட்டுப் பக்கமாகத் திரும்பி நடந்தான். வலது கால் முழங்காலில் மடங்காது. ஒவ்வொரு எட்டுக்கும் அந்தக் காலை ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அவன் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் அன்னத்தாய். வந்தவன் முதலில் கேட்ட கேள்வி இதுவாக இருந்ததில் அவளுக்கு ஆறுதலும் இருந்தது, பயமும் இருந்தது. மோட்டார் சைக்கிளைக் கேட்டுக்கொண்டு போனால் அவன் எங்கே போய்ச் சேருவான் என்பது அவளுக்குத் தெரியும்.

சோழபுரத்தில் அந்த ஒரு வண்டிதான் இருந்தது. சேத்தூருக்கு மேற்கே மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு துரையிடம் எலியேசர் டிரைவராக இருந்தான். துரை சீமைக்குக் கப்பலேறும்போது, ஓடாமல் கிடந்த அந்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். எலியேசர் அதை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் அதனோடு மல்லுக்கட்டி ஓட வைத்தான். கல்யாணமான புதிதில் அன்னத்தாயைப் பின்னால் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனான். வழிநெடுக அவள் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். "கோபுரம் தெரியுது பாரு" என்று அவன் காற்றில் கத்தியபோதும் திறக்கவில்லை.

சண்டை வந்து பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் என்பதற்காகவே அவனைச் சீக்கிரம் சேர்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் விழுந்ததோடு அவனைப் பற்றிய செய்தியும் நின்றுபோயிற்று. அதே படையில் இருந்து காயத்தோடு முன்னாலேயே தப்பி வந்த தேவதானத்துப் பால்ச்சாமி, குண்டு விழுந்த லாரியில் எலியேசரும் இருந்ததாகச் சொன்னான். "கண்ணால பாத்தியா?" என்று சின்னத்துரை கேட்டதற்கு, "பாக்கும்படியா ஒண்ணும் மிஞ்சல" என்றான்.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு கோயிலில் ஞாபகார்த்த ஆராதனை நடந்தது. இறந்தவருடைய உடுப்பை அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வீட்டில் வைத்திருப்பதில்லை. ஜெபம் முடிந்த கையோடு உறவுக்காரர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பகிர்ந்து கொடுத்துவிடுவார்கள். எலியேசரின் வேட்டி சட்டைகளைக் கொடுத்து முடித்த பிறகு சின்னத்துரை கொட்டகையைப் பார்த்தான். வேட்டியைவிட அதிகமாகத் தம்பியின் உடம்போடு ஒட்டிக் கிடந்தது இந்த வண்டிதானே என்றான். யாருக்கும் அது தவறாகப் படவில்லை. ஒருத்தருக்கு முழுதாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கு மனத்தாங்கல் வரும். அதனால் பிரித்தார்கள். முன்சக்கரம் தெருக்கிணற்றில் உருளையானது. டயர்களை அறுத்துச் செருப்புத் தைத்தார்கள். டியூபை வெட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைச் சாலின் ஓட்டைகளை அடைத்தார்கள். மண்ணெண்ணெய் அளவாகக் கிடைத்த காலம். பெட்ரோல் டேங்கைச் சின்னத்துரையின் மனைவி செல்லத்தாய் எண்ணெய் வைக்க எடுத்துக்கொண்டாள். முன்விளக்கைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். எஞ்சின் மட்டும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். கொட்டகையிலேயே கிடந்தது. ஆட்டுக்குட்டிகள் அதன்மேல் ஏறி நின்று சுவரை எட்டிப் பார்த்தன.

அன்னத்தாய் அழுதாள். மாதக்கணக்கில் அழுதாள். பிறகு ராஜபாளையத்தில் ஜின்னிங் பாக்டரிக்குப் பருத்தி பொறுக்கப் போனாள். மலைபோல் கொட்டிக் கிடக்கும் பருத்தியின் முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சருகும் கொட்டுப்பருத்தியும் நீக்கி நல்லதை மிஷினுக்கு அனுப்புவார்கள். பஞ்சுத்தூசி மூக்கிலும் புருவத்திலும் ஒட்டிக்கொள்ளும். மாலையில் எல்லாப் பெண்களுக்கும் வயது ஏறியதுபோல் இருக்கும். அங்கே கை சும்மா இருக்காது, மனது சும்மா இருக்கலாம். அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருநாள், முந்தைய நாள் முழுவதும் எலியேசரை நினைக்கவே இல்லை என்பது திடீரென்று தெரிந்தது. அன்றைக்குப் பயந்துபோய் அழுதாள். அதுதான் கடைசி அழுகை.

பாக்டரியில் பொன்னுராஜ் மிஷின் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தார். மனைவியை அம்மையில் பறிகொடுத்தவர். குரல் உயர்த்திப் பேசாதவர். மிஷின் நின்றுபோகும் நேரங்களில் பெண்கள் பக்கம் வந்து, "செத்த நேரம் மூச்சு விட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்மாய்க்குக் கீழே ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். தைப்பொங்கல் கழிந்து அவர் சின்னத்துரையிடம் வந்து பெண் கேட்டார். சின்னத்துரைக்குச் சம்மதம். போதகர் முதலில் தயங்கினாலும், உடன்பிறந்தவனே சத்தியம் செய்து கொடுத்த பிறகு ஒத்துக்கொண்டார். மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும். இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டா என்று சபையைக் கேட்க வேண்டும். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவது ஓலைக்கு முன்னால் எலியேசர் ராஜபாளையம் ஸ்டேஷனில் வந்து இறங்கினான்.

அவனை வாசலில் பார்த்த நொடியில் தனக்கு வந்தது சந்தோஷம் இல்லை என்பதை அன்னத்தாய் யாரிடமும் சொல்லவில்லை. துக்கமும் இல்லை. அடுத்தவர் வீட்டில் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் இருந்தது. பிறகுதான் அழுதாள். எல்லோரும் அதை ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

மோட்டார் சைக்கிளைத் தேடி வந்த தம்பியைக் கண்டதும் சின்னத்துரை முந்திக்கொண்டான்.

"ஏல, செத்தவன் சாமான வச்சிருக்கக் கூடாதுன்னு குடுத்தோம். நீ வந்து நிப்பன்னு யாரு கண்டா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே அண்ணே."

"சொல்லலதான். இப்பிடிப் பாக்கியே, அதுக்குச் சொல்லுதேன்."

"எல்லாத்தையும் திரும்ப வாங்கிரலாமா?"

"வாங்கி?"

"ஓட்டணும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பேப்பர் ஏஜெண்டு ஆள் தேடுதாவளாம். ரயில்ல வார கட்ட வத்திராயிருப்புக்குக் கொண்டு சேக்கணும். பஸ்ஸு கரியப் போட்டு ஓடுது, எப்பப் போயிச் சேருமுன்னு அதுக்கே தெரியாது. வண்டி வச்சிருக்கவனுக்கு வேல உண்டுன்னாவ." அவன் தன் காலைப் பார்த்தான். "வயல்ல எறங்கி இனி என்னால ஆவாதுண்ணே."

செல்லத்தாய் உள்ளேயிருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கழுவிக் குடுக்கேன் தம்பி. சீமெண்ண வாட லேசுல போவாது. நாலு நாளு வெயில்ல காயணும்."

"பெட்ரோல் ஊத்துத டேங்குக்குச் சீமெண்ண வாடைதானா மதினி கொறச்சல்?"

அவன் சிரித்தான். ஊருக்கு வந்து அவன் சிரித்தது அப்போதுதான். செல்லத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. டேங்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது அவன் கேட்டான்: "எஞ்சின் எங்கண்ணே?"

சின்னத்துரை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான். போகும்போது முதுகைக் காட்டியபடியே, "அத ஒம் பொண்டாட்டியக் கேளு" என்றான்.

எலியேசர் கேட்கவில்லை. அன்று இரவும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் கேட்டான். தெருக்கிணற்றுக்குப் போய் உருளையாகத் தொங்கிய சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குடத்தோடு வந்த சுடலையம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் அன்னத்தாயோடு பருத்தி பொறுக்கப் போகிறவள். யாரையும் விடாத வாய்.

"ஏ எலியேசரு, அதக் கழட்டிட்டியன்னா நாங்க தண்ணிய எத வச்சு எழுப்ப? பல்லால கயித்தக் கடிச்சு இழுக்கவா?"

"மர உருள மாட்டித் தாரேங்க்கா."

"மர உருள கீச்சு கீச்சுன்னு கத்துமே. இது எண்ணெ போட்டாப்புல சுத்தும். ஒம் பேரச் சொல்லித்தான் தெனமும் தண்ணி எடுத்தோம், தெரியுமா? 'எலியேசரு புண்ணியம்'னு."

"நான் உசுரோட இருக்கும்போது ஏக்கா புண்ணியம்?"

"அதான் வந்து கழட்டுதியே, இனிச் சொல்லல" என்றாள். சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செருப்புகளை அவன் கேட்கவே இல்லை. அறுத்த டயர் எதற்கு ஆகும்? ஆனால் ஊரில் சேதி பரவிவிட்டது. காலையில் அன்னத்தாய் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, படிக்குக் கீழே டயர்ச் செருப்புகள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. ஆள் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு, வீட்டுக்குள் விருந்தாளிகள் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். தேய்ந்த குதிகால்கள், பெருவிரல் அழுந்திய பள்ளங்கள். எந்தப் பள்ளம் யாருடையது என்றுகூட அவளால் சொல்ல முடிந்தது. எலியேசர் வந்து பின்னால் நின்று பார்த்தான்.

"திரும்பக் குடுத்துரு அன்னம். வெறுங்காலோட போறாவ."

"யாரு வச்சான்னு எப்பிடித் தெரியும்?"

"ஒனக்குத் தெரியும்" என்றான்.

அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் அன்று முழுவதும் பருத்தியின் முன்னால் உட்கார்ந்து அவள் அந்தச் சொல்லையே கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கத்தினால் நன்றாக இருக்கும். கையை ஓங்கினால்கூட ஒரு முடிவு தெரியும். அவன் காத்திருந்தான். போர்க்கைதியாகக் கிடந்த முகாமில் அவன் கற்றுக்கொண்ட ஒரே வேலை காத்திருப்பதுதான் போலும். அதில் அவனை ஜெயிக்க அவளால் முடியாது.

சேர்ந்த சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றி, ராஜபாளையத்தில் பஸ் ஷெட்டுக்குக் கொண்டுபோனான். அங்கே மெக்கானிக் சோலைச்சாமி, எலியேசரோடு பழைய காலத்தில் டிரைவர் வேலை படித்தவன். பாக்டரியில் மத்தியானச் சங்கு ஊதியதும் அன்னத்தாய் கூழ்ச் சட்டியோடு அங்கே போனாள். ஷெட்டு வாசலில் ஒரு பஸ் நின்று முக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்து இரும்பு உருளையில் ஒருவன் கரியைக் கொட்டிக் காற்று ஊதும் சக்கரத்தைச் சுற்றினான். புகை கண்ணைக் கரித்தது. வெயில் தகரக் கூரையில் இறங்கி உள்ளே நிற்பவர்களை வாட்டியது. சோலைச்சாமி சட்டையில்லாமல், தரையில் பரப்பிய சாமான்களின் நடுவே குந்தியிருந்தான்.

"பிரேம் நேரா இருக்கு. டயரு பட்டாளத்து ஏலத்துல மதுரைக்கு வருது, பிடிச்சிரலாம். சக்கரத்துக் கம்பி நான் கட்டுதேன். டேங்கு..." மோந்து பார்த்தான். "ஒங்க மதினி இதுல கொழம்பு வைக்கலியே?"

"எண்ணெயோட விட்டுட்டாவ."

"எல்லாம் சரி. எஞ்சின எங்கல?"

"இருக்கு."

"இருக்குன்னா கொண்டா. அது முழுசா இருந்தா இதுல கை வைக்கலாம். இல்லன்னா இதெல்லாம் பொணத்துக்குத் தல சீவுத வேல. இன்னைக்கே சொல்லிப்போடுதேன், பொறவு எங்கிட்ட மொகத்தத் தூக்கப்படாது." சோலைச்சாமி அவன் காலைப் பார்த்தான். "அது போவட்டும். காலு மடங்கல. எப்பிடி உதைப்ப?"

"கியரு கையில. பிரேக்கு இடது கால்ல. உருட்டிவிட்டாக் கெளம்பிரும்."

"யாரு உருட்டுவா?"

எலியேசர் திரும்பி அன்னத்தாயைப் பார்த்தான். "இவ உருட்டுவா."

"மதினி, நல்ல உத்தியோகமாப் பாத்து வச்சிருக்கான் ஒங்களுக்கு. வத்திராயிருப்பு வரைக்கும் பின்னாலயே ஓடணும்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தான் வண்டியைத் தள்ளுவதும், அது கிளம்பியதும் அவன் திரும்பிப் பார்க்காமல் போவதும், பிறகு வட்டமடித்து வந்து தன்னை ஏற்றிக்கொள்வதும் ஒரு கணம் கண்ணில் தெரிந்தன. எவ்வளவு சுலபமாகத் தெரிந்தன என்பதில் அவளுக்குப் பயம் வந்தது. கூழை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே எழுந்து போனாள்.

மாலையில் அவன் பாக்டரி வாசலில் நின்றிருந்தான். இருவரும் சோழபுரத்துக்கு நடந்தார்கள். பருத்தி மூட்டை ஏற்றிய வண்டிகள் எதிரே வந்தன. மேற்கே மலை நீலமாகக் கிடந்தது. பாதி வழியில் அவனுக்குக் கால் கடுத்துவிட்டது. ஓடைப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து காலை இரண்டு கையாலும் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டான். அவள் நின்றபடியே சொன்னாள்.

"எஞ்சின நாந்தான் குடுத்தேன்."

"தெரியும்."

"யாருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது. அண்ணன் ஒன்னயக் கேக்கச் சொன்னான்."

"நீங்க கேக்கலியே."

"நீயா சொல்லுவன்னு இருந்தேன்."

அவள் கீழே ஓடையைப் பார்த்தாள். தண்ணீர் இல்லை. ஆவாரஞ்செடிகள் புழுதி படிந்து நின்றன.

"பாக்டரில பிட்டரு. பொன்னுராஜ்னு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல தோட்டம் வச்சிருக்காவ. தண்ணி எறைக்க எஞ்சின் தேடுனாவ. கொட்டகையில சும்மா கெடக்கேன்னு குடுத்தேன்."

"சும்மாவா குடுத்த?"

"சும்மாத்தான்." முந்தானையில் ஒட்டிய பஞ்சைக் கிள்ளியபடி, "ஓல வாசிச்சாவ" என்றாள். "ஒரு ஞாயித்துக்கெழம."

ஒரு வண்டி கடந்து போயிற்று. வண்டிக்காரன் இவர்களைப் பார்த்துவிட்டு மாட்டை அதட்டினான். அதன் மணிச்சத்தம் ஓய்ந்த பிறகு எலியேசர் கேட்டான்.

"நம்ம கோயில்லயா?"

"ஆமா."

"தடையுண்டான்னு சபையக் கேட்டிருப்பாவளே."

"கேட்டாவ."

"அண்ணன் இருந்தானா?"

"முன்னாலதான் இருந்தாவ. எல்லாரும் இருந்தாவ. ஒருத்தரும் எந்திரிக்கல."

எலியேசர் தலையை ஆட்டினான். "எப்பிடி எந்திரிப்பான்? தடை சயாம்ல தண்டவாளத்துக்குக் கட்டை சொமந்துட்டு, கப்பல்ல வந்துக்கிட்டு இருந்துச்சு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பாலத்துக் கட்டையில் இல்லை, கீழே மண்ணில். தலைமயிரில் இன்னும் பஞ்சு இருந்தது. அவன் குனிந்து அதில் ஒரு துணுக்கை எடுத்துக் காற்றில் விட்டான்.

"எஞ்சின் ஓடுதா?" என்றான்.

"ஓடுது."

"போயிப் பாப்பம்."

பாக்டரிக்கு லீவு வந்த அன்று கரி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கினார்கள். கண்மாய்க்கரையில் நடக்கும்போதே எஞ்சின் சத்தம் கேட்டது. எலியேசர் நின்றுவிட்டான். தலையைச் சாய்த்துக் கேட்டான். அவன் முகம் மாறியதை அன்னத்தாய் பார்த்தாள். கட்டிலில் கிடந்தபோது வேறு யாரோவாக இருந்த முகம், இப்போது அவளுக்குத் தெரிந்த முகமாகிவிட்டது. அது அவளை வேதனைப்படுத்தியது. வேறு யாரோவாகவே அவன் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கிணற்று மேட்டில், கனத்த இரண்டு பலகைகளின்மேல் போல்ட் போட்டு எஞ்சினை முடுக்கியிருந்தார் பொன்னுராஜ். அதிலிருந்து ஒரு பெல்ட் பம்புக்குப் போயிற்று. இன்னொரு சிறிய பெல்ட், தகரத்தில் வெட்டிய ஒரு விசிறியைச் சுற்றியது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்து கத்தரிப் பாத்திகளுக்கு ஓடியது. இவர்களைக் கண்டதும் பொன்னுராஜ் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கைகளை வேட்டியில் துடைத்தார். அன்னத்தாயின் பக்கம் அவர் பார்க்கவில்லை.

"வாங்க. நானே கொண்டாந்து விட்டிருக்கணும். எந்த மொகத்தோட வாரதுன்னுதான்..."

"இருக்கட்டும் அண்ணாச்சி."

எலியேசர் எஞ்சினுக்குப் பக்கத்தில் போய், மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டி, மண்ணில் உட்கார்ந்தான். உள்ளங்கையைச் சூட்டுக்கு எட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தான்.

"சீமெண்ணெயிலயா ஓட்டுதீக?"

"பெட்ரோல்ல கெளப்பி, சூடானதும் மாத்திருவேன். பெட்ரோலுக்கு எங்க போவ?"

"இதுக்குக் காத்து வேணும் அண்ணாச்சி. ரோட்டுல போவும்போது மூஞ்சில அடிக்குத காத்துதான் இத ஆத்தும். நின்ன எடத்துல ஓடுனா வெந்துபோவும்."

"அதுக்குத்தான் அந்த விசிறி. இருந்தாலும் செத்த நேரம் ஓட்டிட்டு நிப்பாட்டிருவேன். ஆறுனாப் பொறவு மறுபடி. அது சொல்லுதபடிதான் நான் கேக்கேன்."

எலியேசர் எண்ணெய் போகும் குழாயைத் தடவினான். எங்கும் அழுக்கு இல்லை. "நான் வச்சிருந்ததவிட நல்லா வச்சிருக்கீக" என்றான்.

பொன்னுராஜ் குனிந்து நின்றார். "ஒங்களுது. கழட்டித் தந்திருதேன். சோலைச்சாமி ஷெட்டுக்கு வண்டியில ஏத்தி விட்டுருதேன். மத்த வேல ஏதும்னாலும் வந்து செய்யுதேன். எனக்கு ஏத்தம் இருக்கு, எறைச்சுக்கிடுவேன்."

ஏற்றத்தை மிதிக்க இரண்டு ஆள் வேண்டும் என்பதும், அவரிடம் ஒரு ஆள்கூட இல்லை என்பதும் அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

எலியேசர் அன்னத்தாயை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ சொல்லு. கழட்டவா, வேண்டாமா?"

அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆராதனை வைக்கும்போதும் கேட்கவில்லை. வண்டியைப் பிரிக்கும்போதும் கேட்கவில்லை. ஓலைக்கு முன்னால்கூட, "ஒனக்குச் சரிதானட்டி" என்றுதான் சின்னத்துரை சொன்னான். அதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. இப்போது கேட்கிறான், அதுவும் இவர் முன்னால். கோபத்தில் கேட்கவில்லை, அவளைச் சோதிக்கவும் கேட்கவில்லை என்று அவன் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. அவள் மனதுக்குள் தேடிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கொடுக்கும்படியான பதில் ஒன்றும் அகப்படவில்லை.

"கழட்டுங்க" என்றாள்.

பொன்னுராஜ் போய் எஞ்சினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் தோட்டத்தில் அதுவரை கேட்காதவை கேட்டன: தவிட்டுக்குருவிகள், கண்மாய்ப் பக்கம் துணி துவைக்கும் சத்தம். எஞ்சினின் இரும்பு சூடாறும்போது டிக் டிக்கென்று தெறித்தது. கொஞ்சம் பொறுத்து அவர் ஸ்பேனரை எடுத்துவந்து பலகையிலிருந்த முதல் நட்டைத் திருகினார். எலியேசர் பெல்ட்டைக் கழற்றக் கை கொடுத்தான். ஒருவர் கை நீளுமுன் மற்றவர் விலகி இடம் விட்டார். வேலை தெரிந்த இரண்டு பேர் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

வாய்க்காலில் மிச்சத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அன்னத்தாய் அதைப் பார்த்தாள். முதல் பாத்திகள் நிரம்பிவிட்டன. தண்ணீர் அங்கேயே கரையுடைத்துத் தேங்கப் பார்த்தது. வடக்கு ஓரத்துப் பாத்திகள் வறண்டு கிடந்தன. அங்கே செடிகள் பூத்திருந்தன. இலைகள் வெயிலில் துவண்டு, பூக்களின் மேலேயே கவிழ்ந்து தொங்கின. அவள் யோசிக்கவில்லை. சேலையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கினாள். தேங்கிய இடத்தில் குதிகாலால் மண்ணைத் தள்ளி மடையை அடைத்தாள். வடக்கு ஓரம் மேடு. அங்கே தண்ணீர் ஏற வேண்டுமென்றால் இன்னொரு இடத்திலும் மறிக்க வேண்டும். அதற்கு ஒரு தட்டைக்கல் உண்டு. அது வாய்க்காலில் கிடக்காது, மூன்றாவது பாத்தியின் ஓரத்தில் ஒரு செடியின் தூருக்கு அடியில் கிடக்கும். கையை விட்டு அதை எடுத்து, குறுக்கே நிறுத்தி, இடுக்கில் சேற்றை அப்பினாள். தண்ணீர் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு மேட்டுப் பக்கம் திரும்பியது.

நிமிர்ந்தாள்.

பொன்னுராஜ் நட்டின்மேல் தலை கவிழ்ந்திருந்தார். ஸ்பேனர் அசையவில்லை. எலியேசர் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓலையைப் பற்றிச் சொன்னபோது அவன் முகம் இப்படி ஆகவில்லை. ஓலையை யாரோ வாசித்தார்கள், யாரோ கேட்டார்கள். இந்தக் கல் எங்கே கிடக்கும் என்பது அவள் காலுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது.

தண்ணீர் வடக்குப் பாத்தியின் பாதிவரை போயிற்று. அதோடு தீர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி" என்றான் எலியேசர். "அந்த நட்ட முடுக்குங்க."

"என்ன?"

"முடுக்குங்க. பாத்தி பாதியில நிக்கி."

"இல்ல, இது ஒங்களுக்கு..."

"ஆறுனதும் கெளப்புங்க. சூடா இருக்கும்போது கெளப்பாதீக, பிஸ்டன் பிடிச்சிரும்."

பெல்ட்டைச் சுருட்டி எஞ்சின்மேல் வைத்தான். கையை ஊன்றி எழுந்திருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டான். பொன்னுராஜ் பிடிக்கக் கையை நீட்டினார். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். பிறகு வரப்பில் காலைச் சுற்றிச் சுற்றி வைத்து ரோட்டைப் பார்த்து நடந்தான். அன்னத்தாயைக் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவள் சேற்றில் நின்றாள். அவன் கூப்பிடாததில் தனக்குக் கொடுக்கப்பட்டது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. கோயிலில் போதகரும் சபையும் கொடுக்க முடியாத ஒன்றை, வரப்பில் நொண்டிக்கொண்டு போகிற அந்த மனிதன் கொடுத்துவிட்டுப் போகிறான். அதை எடுத்துக்கொள்ளவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

பொன்னுராஜ் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். முடுக்கி முடித்த பிறகும் ஸ்பேனரை எடுக்கவில்லை.

"போங்க" என்றார், எஞ்சினைப் பார்த்துக்கொண்டு. "வெயிலேறுததுக்குள்ள போயிருங்க. அவியளால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

அன்னத்தாய் வாய்க்காலில் கையைக் கழுவக் குனிந்தாள். தண்ணீர் இல்லை, சேறுதான் இருந்தது. அதிலேயே தேய்த்துவிட்டுச் சேலையில் துடைத்தாள்.

ரோட்டோரத்தில் மைல்கல்லின்மேல் எலியேசர் உட்கார்ந்திருந்தான். அவள் நிழல் தன் பக்கத்தில் வந்து விழுந்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். அது ஒருத்தர் உட்காரும் கல்தான். அவள் உட்காரவில்லை. தூரத்தில் எஞ்சின் கிளம்புமா என்று இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்ததை இருவருமே காட்டிக்கொள்ளவில்லை.

"மில்லுல வாட்ச்மேன் வேலைக்கு ஆள் எடுக்காவளாம்" என்றான் அவன். "சோலைச்சாமி சொன்னான்."

"ஒக்காந்து பாக்குத வேலயா?"

"ஒக்காந்துதான். கேட்டுக் கதவ மட்டும் எந்திரிச்சுத் தொறக்கணும்."

"பாருங்க" என்றாள்.

கரிப்புகையைக் கக்கிக்கொண்டு பஸ் வந்து நின்றது. உள்ளே நல்ல கூட்டம். அவனால் அந்த உயரப் படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. கண்டக்டர், "சட்டுன்னு ஏறுங்க" என்றான். அன்னத்தாய் குனிந்து, இரண்டு கையாலும் அவன் காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

வெள்ளை வேட்டியில் அவளுடைய விரல்கள் பத்தும் சேறாகப் பதிந்தன. அவன் அதைப் பார்த்தான். தட்டிவிடவில்லை. கம்பியைப் பிடித்து மேலே ஏறி, அவள் ஏறுவதற்கு இடம் விட்டு நின்றான்.